நிரோஷன் ஓடக்கூடாது என்று தீர்மானித்தோம்

விளையாட்டு அலுவலகத்தில் எனக்குப் பிறகு என் மேசைக்கு வந்த லாரா சென்ற மாதம் ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். அணியில் இந்த வருடம் மிக வேகமான ரிசீவர் ஒருவர் சேர்ந்திருக்கிறார், கிக்ஆஃப் பந்தை எடுத்துக்கொண்டு ஓடுவதற்கும் அவரையே விடலாமா என்று பயிற்சியாளர் கேட்கிறார், இதற்கு ஏதாவது நடைமுறை உண்டா என்பது கேள்வி. மின்னஞ்சல் மரியாதையாகவும் பிழையில்லாமலும் இருந்தது. அவரைப் பழக்கியவன் நானல்லவா.

நடைமுறை உண்டு. அதை எழுதியவன் நான். கையெழுத்து வாங்கி இரண்டு மொழிகளில் வெளியிட்டவனும் நான்தான். அதன்பின் நடந்தது ஒரு பதில் மின்னஞ்சலில் அடங்காது. ஓய்வு பெற்றவனுக்கு நேரம் இருக்கிறது; எழுதுகிறேன்.

முதலில் நான் யார் என்பது. யாழ்ப்பாணத்தில் பௌதிகம் படித்துப் பட்டம் பெற்றேன். அகதியாகச் சுவிற்சர்லாந்துக்கு வந்து, அந்தப் பட்டத்தின் துணையோடு ஓர் உணவகத்தில் ஏழு வருடம் பாத்திரம் கழுவினேன். வெந்நீரும் கொழுப்பும் எப்படி நடந்துகொள்ளும் என்ற விடயத்தில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது. பிறகு சூரிச்சுக்குப் பக்கத்தில் ஓர் உயர்கல்வி நிறுவனத்தின் விளையாட்டு அலுவலகத்தில் இருபத்துநான்கு வருடம். திடலுக்குக் கோடு போடுகிறவனாகச் சேர்ந்து, களஞ்சியத்துக்குப் பொறுப்பாகி, கடைசியில் செயலாளராக ஓய்வு பெற்றேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். அவர்கள் இப்போதும் எனக்கு நத்தார் வாழ்த்து அனுப்புகிறார்கள்.

அங்கே மாணவர்களின் அமெரிக்கன் ஃபுட்போல் அணி ஒன்று இருந்தது. முட்டை வடிவப் பந்து, தலைக்கவசம், தோள் கவசம். பதினொருவர் பதினொருவரை ஆறு வினாடி இடித்துத் தள்ளுவார்கள். பிறகு அரை நிமிடம் வட்டமாகக் கூடி நின்று ஆலோசிப்பார்கள். கூட்டம் கூடுவதில் ஈடுபாடு உள்ள எந்த நாட்டுக்கும் பொருத்தமான விளையாட்டு.

ரிசீவர் என்பவர் தூரத்துக்கு ஓடிப்போய், தன் அணியினர் எறியும் பந்தைப் பிடிப்பவர். கிக்ஆஃப் என்பது வேறு. ஒவ்வொரு பாதியின் தொடக்கத்திலும், ஓர் அணி புள்ளி எடுத்த பிறகும், பந்தை உயரத் தூக்கி எதிரணியின் எல்லைக்கு உதைப்பார்கள். அங்கே நிற்கும் ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டு முன்னோக்கி ஓட வேண்டும். எதிரணியின் பதினொருவரும் ஐம்பது யார், அதாவது ஐம்பது கெஜ தூரம், ஓடிச் சேர்த்த வேகத்தோடு அவர்மீது வந்து விழுவார்கள். இந்த வேலைக்கு அணியிலேயே வேகமானவர் வேண்டும். அணியிலேயே வேகமானவர் அநேகமாக ரிசீவர். அவரை இங்கே முறிக்கக் கொடுத்தால் அங்கே பந்து பிடிக்க ஆளில்லை. பொத்திப் பொத்தி வைத்தால் அந்த வேகத்தால் பாதிப் பயன்தான். மற்ற நாடுகளில் இதைப் பயிற்சியாளர் ஒரு நிமிடத்தில் முடிவு செய்துவிடுவார். நாங்கள் சுவிற்சர்லாந்தில் இருந்தோம்.

இன்னொரு விதியையும் சொல்லிவிட வேண்டும். பந்து காற்றில் வரும்போது, பிடிக்கப் போகிறவர் ஒரு கையைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினால், ‘எனக்கு ஓட விருப்பமில்லை’ என்று பொருள். அதன்பின் அவரை யாரும் தொடக்கூடாது. அவரும் பந்தைப் பிடித்த இடத்திலிருந்து ஓடக்கூடாது. ஆட்டம் இருபத்தைந்தாம் யார் கோட்டிலிருந்து சமாதானமாகத் தொடரும்.

எங்கள் ரிசீவர் நிரோஷன். இங்கேயே பிறந்தவன், பல் மருத்துவ மாணவன். அவன் ஓடுவதைப் பார்த்தால், யாரோ திடலை அவனுக்குக் கீழே பின்னால் இழுப்பதுபோல இருக்கும். அடுத்த கோடையில் செய்முறைப் பரீட்சை. அதற்குப் பிறகு முழுநாளும் மருத்துவப் பயிற்சி. எனவே அதுதான் அவனுடைய கடைசிப் பருவம். அவன் தாய் தேவகியை எனக்கு அட்லிஸ்வில் முருகன் கோவிலில் பழக்கம். ஒரு மருத்துவமனைச் சமையலறையில் வேலை. மகன் முதன்முதலில் என்னிடம் தலைக்கவசம் வாங்கிய அன்றே எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

“அண்ணை, அவன் விளையாடட்டும், நான் மறிக்கேல்லை. ஆனா அது பல்லுப் பிடுங்கப்போற கை. கையை மட்டும் பாத்துக்கொள்ளுங்கோ.”

பார்த்துக்கொள்கிறேன் என்றேன். தலைக்கவசத்துக்கு என்னிடம் படிவம் இருந்தது: இலக்கம், உள்ளே காற்றழுத்தம், நாடிக்குக் கீழே மாட்டும் பட்டியின் இரண்டு பூட்டு, வாங்கியவர் கையெழுத்து, திருப்பித் தரும்போது கவிழ்த்து உலர வைத்ததற்கான குறி. கைக்குப் படிவம் இருக்கவில்லை. அது எனக்குக் கொஞ்சம் உறுத்தலாகவே இருந்தது.

எங்கள் அலுவலகத் தலைவர் புர்க்ஹால்டர். அவரே அணிச் சங்கத்தின் தலைவரும். இருபத்துநான்கு வருடத்தில் அவர் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. காலை ஒன்பது மணிக்கு அப்பிளை நான்காக வெட்டி, மூன்று துண்டைத் தின்று, நான்காவதைப் பத்தரைக்கு வைத்துக்கொள்வார். எந்தக் கடிதத்தைக் கொடுத்தாலும் முதலில் திகதியைப் பார்ப்பார், பிறகு இணைப்புகளை எண்ணுவார், பிறகுதான் பேனை மூடியைத் திருகிக் கழற்றுவார். திருகும் பேனை. மூன்று சுற்று. மூன்றாவது சுற்றுக்குள் நாம் மனம் மாறிவிட வேண்டும் என்பது அவருடைய எதிர்பார்ப்பு. ‘கொள்கையளவில் ஆம்’ என்று சொன்னால் இல்லை என்று அர்த்தம். ‘இல்லை’ என்று அவர் சொன்னதேயில்லை. பதினாறாம் வருடம் ஒரு நாள் என்னைக் கோப்பிக்கு அழைத்துப்போய், இனி நாம் ஒருவரையொருவர் ‘நீ’ என்று அழைக்கலாமா என்று கேட்டார். நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அது அவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

பயிற்சியாளர் ரெட்டோ கணித ஆசிரியர். நிரோஷனை கிக்ஆஃபுக்கும் விடவேண்டும் என்பது அவர் விருப்பம். விட்டிருக்கலாம். ஆனால் பந்தை எறியும் குவாட்டர்பேக், தன் ஒரே நல்ல ரிசீவரைச் சங்கத்தின் சொத்தாகக் கருதி, எழுத்தில் ஆட்சேபம் தெரிவித்துவிட்டான். எழுத்தில் வந்த ஆட்சேபம் பொதுக்கூட்டத்துக்குப் போயாக வேண்டும். சங்கத்தின் சட்டதிட்டமான யாப்பில் அப்படித்தான் இருக்கிறது. இந்த நாட்டில் மூன்று பேர் சேர்ந்து காளான் பொறுக்கப் போனாலும் அதற்கு ஒரு சங்கமும் யாப்பும் உண்டு.

மாலை ஆறரைக்குக் கூட்டம். ஒன்பதாவது விடயமாக நிரோஷன். எட்டாவது விடயம், ஈரத் துவாய்களை எங்கே காயப்போடுவது என்பது. அதற்கு ஐம்பது நிமிடம் எடுத்தது. எனவே நிரோஷனிடம் வரும்போது எல்லோரும் களைத்திருந்தார்கள். ரெட்டோ கரும்பலகையில் நிகழ்தகவு எழுதினார். குவாட்டர்பேக் முழங்கால் சவ்வின் படம் ஒன்றைத் திரையில் காட்டினான். கை உயர்த்தச் சொன்னார் புர்க்ஹால்டர். பாதிக்குப் பாதி. மறுபடி எண்ணினார். அதே பாதிக்குப் பாதி.

இப்படியான வேளையில் சுவிஸ்காரர்கள் எல்லோரும் மேசையைப் பார்ப்பார்கள். யாராவது ஒருவர் இரு தரப்புக்கும் சமமாகப் பிடிக்காத ஒன்றைச் சொல்லும்வரை பார்த்துக்கொண்டிருப்பார்கள். சொன்னவன் நான். நிரோஷன் கிக்ஆஃபுக்கு நிற்கட்டும். ஆனால் பந்து அவனிடம் வந்தால் எப்போதும் கையைத் தூக்கட்டும். எதிரணிக்கு இது தெரியாது. அவன் வேகம் தெரியும். பயந்து பந்தை வேறெங்காவது உதைப்பார்கள். நமக்கு ஆதாயம், அவன் கைகால்களுக்கும் ஆபத்தில்லை. தேவகிக்குக் கொடுத்த வாக்கும் இதற்குள் பத்திரமாக இருந்தது என்பதை நான் கூட்டத்தில் சொல்லவில்லை.

புர்க்ஹால்டரின் முகம் மலர்ந்தது. அதை நான் மூன்று தடவைதான் பார்த்திருக்கிறேன். எதிர்ப்பின்றி நிறைவேறியது. வாக்களிக்காதவன் நிரோஷன் மட்டுமே. கூட்டம் முடிந்து கதிரைகளை அடுக்கும்போது பக்கத்தில் வந்தான்.

“மாமா, அப்ப நான் அங்க என்ன செய்யுறது?”

“நிக்கிறது.”

“சும்மாவோ?”

“பயங்கரமா நிக்க வேணும்.”

தீர்மானம் வேலை செய்தது. இதைத்தான் என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை. எதிரணிகள் அவனைக் கண்டதும் பந்தைத் திடலுக்கு வெளியே உதைத்தன. விதிப்படி எங்களுக்கு முப்பத்தைந்தாம் யாரில் பந்து கிடைத்தது. சிலர் தாழ்வாக உதைத்து, எங்களுடைய நூற்றிருபது கிலோ சட்டக்கல்லூரி மாணவன் ஒருவனின் வயிற்றில் பந்தைச் சேர்த்தார்கள். அவன் அதை அணைத்தபடி உட்கார்ந்துவிடுவான். பருவம் முழுவதும் ஒரு பந்துகூட நிரோஷனிடம் வரவில்லை. ஆயினும் பருவத்தின் சிறந்த கிக்ஆஃப் ஓட்டக்காரராக எல்லா அணிகளின் பயிற்சியாளர்களும் சேர்ந்து அவனையே தேர்ந்தெடுத்தார்கள். ஓடிய தூரம் என்ற கட்டத்தில் பூச்சியம் என்று நானே என் கையால் நிரப்பினேன்.

செவ்வாயும் வியாழனும் பயிற்சி. எப்போதாவது பந்து வந்துவிட்டால் தவறக்கூடாது என்று ரெட்டோ அவனுக்கு உயர உயர உதைத்துப் பழக்கினார். பந்து மேலே, கை மேலே. ஆட்டு, பிடி, நில். பந்து மேலே, கை மேலே. திடலைச் சுற்றி வேலி, வேலியைச் சுற்றிப் பச்சைத் துணி. ரகசியம் என்றால் அப்படி ஒரு ரகசியம்.

இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டோம். சோலோதுர்னில், பொதுத் திடல் ஒன்றில், பிரெஞ்சு மொழிப் பக்கத்து அணி ஒன்றுடன். போட்டிக்குப் பன்னிரண்டு நாள் முன்பு நான் என் கடமையைச் செய்தேன். பொதுக்கூட்ட அறிக்கைகள் பருவம் முடியுமுன் சங்கத்தின் இணையப் பக்கத்தில் வெளியிடப்பட வேண்டும் என்பது எங்கள் யாப்பு. இறுதிக்கு வரும் அணிகளின் ஆவணங்கள் இரண்டு மொழிகளில் இருக்க வேண்டும் என்பது போட்டிக் குழுவின் யாப்பு. இரண்டையும் ஒரே நாளில் நிறைவேற்றினேன். துவாய் விடயத்தைச் சுருக்கினேன். ஒன்பதாவது விடயத்தில் ஒரு சொல்லையும் விடவில்லை. பிரெஞ்சைச் சரிபார்க்க ரெனானில் இருக்கும் என் மச்சானுக்கு அனுப்பினேன். “எப்போதும் கையைத் தூக்குவார், ஒருபோதும் ஓடமாட்டார்” என்ற வாக்கியம் மங்கலாக இருக்கிறதென்று அவர் அதை இன்னும் தெளிவாக்கித் தந்தார்.

வெளியிடுமுன் புர்க்ஹால்டரிடம் கொடுத்தேன். திகதியைப் பார்த்தார். இணைப்புகளை எண்ணினார். ஒப்பமிட்டார். நாங்கள் இருவரும் மூடர்கள் அல்ல. நடைமுறை சரியாக நடந்துகொண்டிருக்கும்போது அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கும் பழக்கம் எங்களுக்கு இல்லாமல் போயிருந்தது, அவ்வளவுதான்.

சோலோதுர்னில் நல்ல வெயில். தமிழ்க் குடும்பங்கள் நான்கைந்து வந்திருந்தன. உள்ளூர்ச் சனமும் சிலர். தேவகி முன்வரிசையில், தேநீர்ப் போத்தலும் ரோல்ஸ் பெட்டியுமாக. முதல் பாதியில் எதிரணி மூன்று தடவை புள்ளி எடுத்தது; ஆக மூன்று தடவை எங்களுக்கு உதைத்தது. மூன்றையும் நேராக, உயரமாக, அன்பளிப்புப்போல நிரோஷனின் நெஞ்சுக்கே உதைத்தார்கள். மூன்று தடவையும் அவன் கையைத் தூக்கி ஆட்டினான். மூன்றாவது தடவை அவர்களுடைய ஆட்கள் ஓடிவரவே இல்லை. கதைத்துக்கொண்டு நடந்து வந்தார்கள்.

இடைவேளையில் அவர்களுடைய முகாமையாளர் தண்ணீர்க் குழாயடியில் என் கையைக் குலுக்கி, உங்கள் அறிக்கைபோலத் தெளிவான ஓர் ஆவணத்தை நான் எங்கள் பக்கத்தில் பார்த்ததில்லை என்றார். ஏறக்குறைய நான்கு வினாடி எனக்குப் பெருமையாக இருந்தது.

பதினேழுக்குப் பத்து; நாங்கள் பின்னால். இரண்டாம் பாதி எங்களுக்கான உதையோடு தொடங்கும். ரெட்டோ புர்க்ஹால்டரிடம் ஓடிப்போய், இப்போது நிரோஷன் ஓட வேண்டும், அவர்கள் நடந்து வருகிறார்கள், திடல் வெறுமையாகக் கிடக்கிறது என்றார். கொள்கையளவில் ஆம் என்றார் புர்க்ஹால்டர். பொதுக்கூட்டத்தின் தீர்மானத்தைப் பொதுக்கூட்டம்தான் மாற்றலாம். அதற்குப் பத்து நாள் அறிவித்தல் வேண்டும். இடைவேளையில் எங்களுக்கு மிச்சம் பதினொரு நிமிடம்.

யாப்பின் பதினேழாம் பிரிவை நான் மனப்பாடமாகச் சொன்னேன். அவசர வேளையில் நிர்வாகக் குழு கூட்டம் கூடாமல் எழுத்தில் தீர்மானிக்கலாம், மூவரும் கையெழுத்திட்டால். நிர்வாகக் குழு என்பது புர்க்ஹால்டர், ரெட்டோ, நான். மூவரும் அங்கேதான் நின்றோம். தலைக்கவசப் படிவம் ஒன்றின் பின்பக்கத்தில் எழுதினேன்: “இரண்டாம் பாதியின் கிக்ஆஃப்களில் நிரோஷன் பந்தைப் பிடித்து ஓடலாம்.” ரெட்டோ புர்க்ஹால்டரின் முதுகையே மேசையாக்கி ஒப்பமிட்டார். புர்க்ஹால்டர் திகதி இல்லை என்றார். போட்டேன். இணைப்புகள் உண்டா என்றார். இல்லை என்றேன். பேனை மூடியைத் திருகினார். ஒன்று. இரண்டு. மூன்று. ஒப்பமிட்டார்.

மிச்சம் என் கையெழுத்து. நிரோஷன் தலைக்கவசத்தைக் கக்கத்தில் இடுக்கியபடி வந்து நின்றான்.

“மாமா, ஒருக்கா. ஒரே ஒருக்கா ஓடவிடுங்கோ. அடுத்த வருஷம் இந்நேரம் நான் ஆரின்ரையோ வாய்க்குள்ள பாத்துக்கொண்டு நிப்பன்.”

“கொம்மாவுக்கு வாக்குக் குடுத்திருக்கிறன்.”

“அவவையே கேளுங்கோவன்.”

வேலிக்குப் போனேன். நான் வாய் திறக்குமுன் தேவகி குனிந்து, பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காமல் கேட்டார்:

“என்னத்துக்கு அண்ணை அவன் ஒவ்வொருக்காவும் கையைத் தூக்கிறான்? பள்ளிக்கூடத்தில ஒண்டுக்குப் போகக் கேக்கிற பிள்ளை மாதிரி. சனமெல்லாம் என்னைப் பாக்குது.”

கையைக் காப்பாற்றத்தான் என்றேன். அவர் ரோல்ஸ் பெட்டியை மூடி வைத்தார்.

“கை போனாக் கட்டுப் போடலாம். மானம் போனா? ஓடச் சொல்லுங்கோ.”

ஒப்பமிட்டேன். இரண்டு நிமிடம் மிச்சம் இருந்தது.

உதைத்தார்கள். பந்து வெயிலுக்குள் ஏறி மறைந்து, எங்கள் எட்டாம் யார் கோட்டுக்கு மேலே இறங்கியது. நிரோஷன் இரண்டடி பின்னால் வந்தான். கழுத்தை உயர்த்தினான். பந்து மேலே, ஐந்து மாதச் செவ்வாயும் வியாழனும் அவனுக்குள் விழித்துக்கொண்டன, கை மேலே. இரண்டு தரம், மிக அழகாக, ஆட்டினான். பிடித்தான். ஓடினான்.

நடுவர் விசில் ஊதினார். தலைக்கவசத்துக்குள் அவனுக்கு அது கேட்கவில்லை. எங்கள் சனம் அதற்குள் எழுந்து கத்தத் தொடங்கியிருந்தது. கையைக் கண்ட எதிரணியினர் விதிப்படி நின்றுவிட்டார்கள். எங்களவர்களும் நின்றுவிட்டார்கள். இருபத்தொரு பேர் இடுப்பில் கைவைத்து நிற்க, அவர்களுக்கிடையே ஒருவன் மட்டும் வெட்டி, வளைந்து, ஏமாற்றி, ஒருவரும் துரத்தாத துரத்தலில் இருந்து தப்பி ஓடினான். எதிரணிக்காரர் ஒருவர் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டார். நான் அந்தத் திடலிலும் வேறு திடலிலும் அப்படி ஓர் ஓட்டத்தைப் பார்த்ததில்லை. தொண்ணூற்றிரண்டு யார். கடைசிக் கோட்டைத் தாண்டிப் பந்தை நிலத்தில் வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் விரித்துத் திரும்பினான். மறுகோடியில், எட்டாம் யார் கோட்டில், நடுவர் மஞ்சள் துணியைக் கீழே போட்டுவிட்டுப் பந்துக்காகக் காத்து நின்றார்.

ஐந்து யார் தண்டம்.

புர்க்ஹால்டர் என் கையிலிருந்த படிவத்தை வாங்கி மறுபடி படித்தார். ஓடலாம் என்று எழுதியிருக்கிறாய், கை தூக்கக்கூடாது என்று எழுதவில்லையே என்றார். அவர் எனக்கு முதல்முதலாக ‘நீ’ போட்டது அப்போதுதான். லாரா கவனிக்க வேண்டிய இடம் இது: பழைய தீர்மானத்தை நீக்காமல் புதியதை எழுதக்கூடாது. ஓடுகிறவன் இரண்டையும் நிறைவேற்றிவிடுவான்.

அதன்பின் அவர்களும் பயந்து, மற்ற அணிகளைப்போல வெளியே உதைக்கத் தொடங்கினார்கள். நான்கு புள்ளியில் தோற்றோம்.

உடைமாற்றும் அறையில் நிரோஷன் தலைக்கவசத்தைத் திருப்பித் தந்தான். நான் பூட்டுகளைப் பார்த்துக் குறியிட்டேன்.

“மாமா, உண்மையா நான் கை தூக்கினனானோ?”

“தூக்கினாய்.”

“ஆட்டினனானோ?”

“முறைப்படி. ரெண்டு தரம்.”

வாங்கில் உட்கார்ந்தான். அழப்போகிறான் என்று நினைத்தேன். தோள் கவசம் குலுங்கக் குலுங்கச் சிரித்தான். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஆனா ஓடினனான்தானே” என்றான். ஓடினாய் என்றேன்.

இப்போது அவன் பல் வைத்தியன்; பத்து விரலும் பத்திரம். தேவகி அந்த ஓட்டத்தைக் கைத்தொலைபேசியில் எடுத்திருந்தார். கையைத் தூக்கியபோது அவர் பொத்தானைத் தேடிக்கொண்டிருந்தபடியால், படம் அவன் பந்தோடு பாயும் இடத்திலிருந்து தொடங்கி, கைகளை விரிக்கும் இடத்தில் முடிகிறது. அது ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் கொழும்புக்கும் போய், மூன்று குடும்பக் குழுக்களைச் சுற்றிவிட்டுத் திரும்பி எனக்கே வந்தது. கோவிலில் யாராவது அதைக் காட்டி, நீங்கள் நேரில் பார்த்தனீங்களாமே, தொண்ணூற்றிரண்டு யார் தூரமும் ஒருத்தராலும் இவனைத் தொட ஏலாமல் போச்சாமே என்று கேட்பார்கள்.

“ஓம், ஒருத்தரும் தொடேல்லை” என்பேன்.

புள்ளி கிடைத்ததா என்று இன்றுவரை யாரும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் எழுதும் நடைமுறை நான் வேலை செய்த எந்த அலுவலகத்திலும் இருந்ததில்லை.